வீடியோவில் சத்தம் நின்ற இடம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கேம் ஆடும் கம்ப்யூட்டர் ஒரு வாரமாகத் திறக்கவே அரை மணி நேரம் எடுக்கிறது. இன்று அதைத் தூக்கிக்கொண்டு இரும்புலியூர் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்கில் காதை வைத்துக் கேட்டார்.

"டிக் டிக்னு அடிக்குது சார். ரொம்ப நாள் தாங்காது. கேம் எல்லாம் திரும்ப டவுன்லோட் பண்ணிக்கலாம். வேற எது வேணும், சொல்லுங்க. முதல்ல அதை எடுத்துடறேன்."

ஆடும்போது பதிவு செய்த வீடியோக்கள் போதும் என்றேன். என் மனைவி ஸ்டெல்லா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் பழைய போனோடு போய்விட்டன. ஆனால் நான் ஆடும்போதெல்லாம் பின்னாலிருந்து, "வாங்க, ஆறிடப் போகுது" என்று கூப்பிடுவாள்.

கடைக்காரர் ஒரு வீடியோவை ஓட்டிப் பார்த்தார். நானும் ஆபீஸ் நண்பர்களும் கத்திக்கொண்டிருந்தோம். நடுவில் என் பக்கம் மட்டும் சத்தம் நின்றது. அடுத்த வீடியோவிலும் அப்படித்தான்.

"உங்க மைக்கும் கோளாறு போல சார்."

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மைக்கில் ஒரு கோளாறும் இல்லை. அவள் கூப்பிட்டால் நண்பர்கள் கிண்டல் செய்வார்களே என்று ஒவ்வொரு முறையும் அதை அணைத்தது நான்தான்.

ஒன்று விடாமல் காப்பி எடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு நாளாவது அணைக்க மறந்திருப்பேன்.