தமிழில் ஒட்டாத நோட்டீஸ்

கன்னி 26, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. குடைக் கம்பி ஒன்று ஒடிந்தது. முனிசிபல் ஆபீசில் புதிதாக ஒரு வேலை வந்தது. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பழைய கல்லறைத் தோட்டத்தை மூடி, அதன் வழியே ரோடு போடப்போகிறார்கள். பைலாப்படி நோட்டீஸ் போட வேண்டும். மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. தோட்டத்து வாசலில் ஒட்டி, தமுக்கடித்து வாசிக்கவும் வேண்டும். தங்களவர்களின் எலும்புகளை எடுத்துப் புது இடத்தில் அடக்க விரும்புகிறவர்கள் ஒரு மாதத்துக்குள் மனுக் கொடுக்கலாம்.

அங்கே கிடப்பவர்கள் பெரும்பாலும் பாறசாலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள். அதனால் தமிழ்ப் பிரதி. எழுதுவது என் பொறுப்பு.

மலையாளம் அச்சாகி வந்து, பியூன் கொண்டுபோய் ஒட்டியும் ஆயிற்று. நான் தமிழ் எழுத உட்கார்ந்தபோது சாயங்காலம். நவராத்திரி மண்டபத்தில் இன்று பாட்டுக் கச்சேரி. தமுக்கடிக்கும் செல்லன் வாசலில் வந்து நின்றான்.

"மழை விடட்டு சாமி. நாளைக்கு அடிச்சாப் போதாதா?"

போதும் என்றேன். குடையில்லாமலே ஓடினேன். தோடி. அபாரம்.

கன்னி 27, புதன்

பூஜை லீவுக்கு முன் கோப்பு மேலே போக வேண்டுமாம். ஹெட்கிளார்க் பிள்ளை மேஜையருகே வந்து நின்றார். "ஐயரே, நோட்டீஸ் சர்ட்டிபிகேட்டில் ஒப்பம் போட்டுத் தரணும். வேகம்."

இரு மொழியிலும் ஒட்டப்பட்டது, தமுக்கடித்து அறிவிக்கப்பட்டது என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். லீவு கழிந்ததும் செய்துவிட வேண்டும்.

வாங்க வேண்டியது: ஓமத்திரவம், விளக்குத்திரி, மீனாட்சிக்குக் கண்ணாடி வளையல்.

துலாம் 3, செவ்வாய்

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. மீனாட்சிக்கும் எனக்கும் இரவெல்லாம் தூக்கமில்லை. ஆபீசில் தமிழ்ப் பிரதி பாதியில் கிடக்கிறது. இரண்டு வரி எழுதிவிட்டு நிறுத்தினேன். அந்தப் பக்கம் இதை யார் படிக்கப்போகிறார்கள்? கூலிக்காரர்கள். இழுப்பறையில் போட்டு மூடினேன்.

செருப்பு வார் அறுந்தது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

விருச்சிகம் 3, வியாழன்

வெயில்.

முற்பகல் ஒரு ஸ்திரீ ஆபீசுக்கு வந்தாள். பெயர் எஸ்தர். சாலைக் கடைத்தெருவில் வாழைக்காய் விற்கிறவள். முந்தாநாள் கல்லறைத் தோட்டத்தில் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். அவளுடைய மகனை அடக்கிய இடம் முதல் நாளே போய்விட்டது. மண்ணை வண்டியில் ஏற்றி எங்கோ பள்ளத்தில் கொட்டியாயிற்றாம்.

"எனக்க மவன எங்க கொண்டு போட்டிய?"

சத்தம் போடவில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

பிள்ளை சொன்னார்: "நோட்டீஸ் போட்டிருந்தல்லோ. ஒரு மாசம் சமயம் கொடுத்தோம்."

"மலையாளத்துல ஒண்ணு பாத்தேன். அது எனக்கு வாசிக்கத் தெரியாது. தமிழ் தெரியும், மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சேன். ஞாயித்துக்கிழம தோறும் அந்த வழியாத்தான் கோயிலுக்குப் போறேன். தமிழ்ல ஒண்ணும் இல்லியே."

பிள்ளை என்னைப் பார்த்தார். ஆபீஸ் முழுவதும் பார்த்தது.

நான் சொன்னேன்: "ஒட்டியிருந்தது அம்மா. மழையிலே கிழிஞ்சு போயிருக்கும்."

அவள் தலைமுந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அப்பம் நாந்தான் பாக்காம விட்டுட்டேன். சாமிய கொறை சொல்லப்பிடாது" என்றாள். எனக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனாள்.

நம்பிவிட்டாள். நம்பாமல் காறித் துப்பியிருந்தால் இன்று சாப்பிட்டிருப்பேன்.

விருச்சிகம் 4, வெள்ளி

சோறு இறங்கவில்லை. மீனாட்சி: "ஏன்னா, ஒடம்பு சரியில்லையா? மொகம் என்ன இப்படி இருக்கு?" தலைவலி என்றேன். குழந்தை என் மடியில் ஏறி மூக்கைப் பிடித்து இழுத்தது. இறக்கிவிட்டேன். அழுதது.

ஆபீஸ் விட்டதும் அக்கரைக்குப் போனேன். முன்பாதி வெட்டிச் சமமாக்கிவிட்டார்கள். சிவப்பு மண். பின்பாதியில் மரச் சிலுவைகள் இன்னும் நிற்கின்றன. ஒன்றில் தகரத்தில் எழுதிய பெயர்: ஞானமுத்து. தமிழில். இங்கே யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேனே.

எஸ்தர் அங்கே இருந்தாள். வெட்டின மண்ணைக் கையால் கிளறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வேலிக்குப் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

திங்கட்கிழமை பின்பாதியிலும் கை வைப்பார்கள் என்று மேஸ்திரி சொன்னான்.

விருச்சிகம் 5, சனி

பிள்ளையிடம் தனியாகச் சொன்னேன். தமிழ் எழுதவில்லை, ஒட்டவில்லை, தமுக்கும் அடிக்கவில்லை என்று. அவர் கதவைச் சாத்தினார்.

"ஐயரே, இதொண்ணும் இனி வெளியில் பறையண்டா. உமக்கு ஒரு குஞ்ஞு இல்லையா? அவள் சமாதானமாயிட்டுப் போனாளல்லோ. பின்னே எதுக்கு இது?"

நல்ல மனுஷர். வெளியே சொல்ல வேண்டாம் என்று என் நன்மைக்குத்தான் சொல்கிறார். சமாதானமாகப் போனாள் என்பதுதான் பொறுக்க முடியவில்லை.

நேராகச் செக்ரட்டரி அறைக்குப் போனேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சர்ட்டிபிகேட்டில் கையெழுத்து உம்முடையதுதானே?"

"ஆமாம் சார்."

"பொய்யா?"

"பொய் சார்."

"எதுக்காக?"

பாட்டுக் கேட்கப் போனேன் என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை, அருவருப்பு வந்தது. அது தேவலை என்று தோன்றியது.

வேலையை நிறுத்த ஓவர்சீயருக்கு ஆள் அனுப்பினார். நோட்டீஸ் புதிதாகப் போட வேண்டும், முழு ஒரு மாதம். "நீரே எழுதும். நீரே கொண்டுபோய் ஒட்டும். நீரே வாசியும். அப்புறம் இங்கே வர வேண்டாம், உத்தரவு வரும் வரை."

வீட்டில் சொன்னேன். மீனாட்சி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அப்புறம், "அந்த அம்மாவோட பையனுக்கு எத்தனை வயசு?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. கேட்கவே இல்லை.

விருச்சிகம் 6, ஞாயிறு

லேசான தூறல். வேதக்கோயில் விட்டு ஜனங்கள் வரும் நேரம் பார்த்துப் போனேன். பசை வாளி என் கையில், தமுக்கு செல்லன் கையில். கல்லறைத் தோட்டத்து வாசல் தூணில் ஒட்டினேன். பெரிய எழுத்து. செல்லன் அடித்தான், கூட்டம் கூடிற்று. முன்வரிசையில் எஸ்தர்.

வாசித்தேன். முடித்ததும் ஒரு கிழவர், "அப்பம் எனக்க பெண்டாட்டிய எடுத்துக்கலாமா?" என்று அழுதார். எடுத்துக்கலாம், மனு நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

எஸ்தர் கிட்டே வந்தாள். "இது அண்ணைக்கு மழையில கிழிஞ்சுதுன்னியளே, அதுதானா சாமி?"

"இல்லை. அன்னிக்கு நான் ஒட்டவே இல்லை. இன்னிக்குத்தான் முதல் தடவை. உங்க மேலே ஒரு தப்பும் இல்லை. நான் பொய் சொன்னேன்."

செல்லன் தலையைக் குனிந்துகொண்டான். கூட்டத்தில் யாரோ என்னைக் கெட்ட வார்த்தை சொன்னார்கள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கும்பிடவில்லை.

பிறகு ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கோயிலிலிருந்து இன்னும் சிலர் குழந்தைகளோடு வந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னொரு தடவ வாசியும்" என்றாள். "அவங்க கேக்கல்ல."

வாசித்தேன். சத்தம் போதாது என்றாள். மறுபடி வாசித்தேன்.