வரி குறைந்த வருடத்து நஷ்டம்

ஜூன் 3

காலைப் பிரார்த்தனை முடிந்து எழுந்தால், இவருடைய கம்பெனியின் ஆண்டறிக்கை கதவிடுக்கில் செருகியிருந்தது. ஊழியர் பங்கு கொஞ்சம் இருப்பதால் வருடாவருடம் வரும். இவர் பிரிக்கக்கூட மாட்டார், நான் விடமாட்டேன். சிலர் தொடர்கதை படிக்கிறார்களே, அப்படி.

இந்த முறை கதையில் திருப்பம். வரிக்கு முந்தைய லாபம் பன்னிரண்டு கோடி. வருமான வரி இருபத்து மூன்று கோடி. ஆகமொத்தம் நஷ்டம், பதினொன்று.

பன்னிரண்டு சம்பாதித்தவனிடம் இருபத்து மூன்று யார் கேட்பார்கள்? அதுவும், வரியை முப்பது சதவீதத்திலிருந்து இருபத்தைந்தாகக் குறைத்துச் சட்டம் வந்த வருடத்தில்!

ஜூன் 4

இவர் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "கம்பெனி நஷ்டமாம். விருப்ப ஓய்வு வேணுங்கறவங்க மாசக் கடைசிக்குள்ள எழுதிக் கொடுக்கணுமாம். எங்க உதிரிபாக ஸ்டோர்ல பாதிப் பேரு பேனாவ எடுத்துட்டாங்க."

இவருக்கு இன்னும் ஏழு வருடம் சர்வீஸ் இருக்கிறது. மகளுக்குப் படிப்பு முடிய இரண்டு வருடம். கையெழுத்துப் போட்டால் மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும். அதோடு மாதச் சம்பளம் நின்றுவிடும்.

கொழுந்தனார் போனில்: "அண்ணி, வெள்ளம் கழுத்துக்கு வந்தாச்சு. அண்ணன் இன்னும் பேன்ட்டச் சுருட்டிவிட்டு ஆழம் பாத்துட்டிருக்காரு."

"இருங்க தம்பி. அது வெள்ளமா, குடம் கவுந்த தண்ணியான்னு பாத்துச் சொல்றேன்."

ஜூன் 5

இவரிடமும் அதையே சொன்னேன். "பாரு," என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 8

பின்பக்கத்துப் பொடி எழுத்தில் மாட்டிக்கொண்டது. 'ஒத்திவைத்த வரிச் சொத்து'. வரி எப்படிச் சொத்தாகும்? மூன்று தடவை படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம்.

கம்பெனிக்கு முந்தைய வருடங்களில் நானூறு கோடி நஷ்டம். இனி வரும் லாபத்தில் அதைக் கழித்துக்கொள்ளலாம். கழித்த அளவுக்கு வரி கிடையாது. முப்பது சதவீதமாக இருந்தபோது அந்தச் சலுகையின் மதிப்பு நூற்றிருபது கோடி. அதைச் சொத்து என்று எழுதி வைத்திருந்தார்கள். இப்போது இருபத்தைந்து சதவீதம் — நூறு கோடி. இருபது குறைந்தது. இந்த வருட லாபத்துக்காக அதில் கழிந்த மூன்றும் சேர்ந்து இருபத்து மூன்று.

கூட்டல் சரியாக வருகிறது. மனசுதான் ஒப்பவில்லை. வரி குறைந்தால் நல்லதுதானே, அது எப்படி நஷ்டமாகும்?

ஜூன் 9

புரிந்துவிட்டது! சலவைக் கடையில் வைத்துப் புரிந்தது.

போன மாதம் இவர் சட்டையைத் தேய்க்கும்போது தீய்த்துவிட்டார்கள். பரிகாரமாக, பத்துச் சட்டை இலவசம் என்று அட்டை கொடுத்தார்கள். ஒரு சட்டைக்குப் பத்து ரூபாய் என்று, என் கணக்கில் 'வரவேண்டியது நூறு' என்று எழுதிக்கொண்டேன். இன்று போனால் கூலியை எட்டாக்கியிருக்கிறார்கள். எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள், நான் மட்டும் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். என் நூறு எண்பதாகிவிட்டதே!

கடைக்காரம்மா, "ஏங்க, வெலையக் குறைச்சா சண்டைக்கு வர்ற மொத ஆளு நீங்கதான்," என்றார்.

அவர் சொன்னது சரிதானே. என் கையிலிருந்து ஒரு காசும் போகவில்லை. அட்டை தீர்ந்த பிறகு, ஒவ்வொரு சட்டைக்கும் இரண்டு மிச்சம். கம்பெனிக்கும் இதே கதை. தீய்ந்த சட்டைதான் அந்த நானூறு கோடி.

ஜூன் 12

ஆனாலும் நானாக ஒரு முடிவுக்கு வந்து இவர் பிழைப்பில் விளையாடக் கூடாது. அறிக்கையிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பெண் எடுத்தாள். நான் புரிந்துகொண்டதைச் சொன்னேன்.

"ஆடிட்டருங்களா?"

"இல்லம்மா, வீட்டுலதான் இருக்கேன்."

சிரித்துவிட்டாள். ஆனால் பொறுமையாகச் சொன்னாள். "நீங்க புரிஞ்சுக்கிட்டது சரிங்க. இதனால பணம் வெளிய போகல. ஒண்ணே ஒண்ண விட்டுட்டீங்க. மேல மேல லாபம் வரும்னு நம்பித்தான் அந்தச் சலுகையில மிச்சத்தச் சொத்துன்னு வச்சிருக்கோம். லாபமே வராதுன்னு ஆயிட்டா, அதையும் அழிச்சிடணும்."

"நம்பிக்கையச் சொத்துன்னு எழுதலாமா?"

"எழுதலாங்க. ஆதாரம் காட்டணும். ஆர்டர், திட்டம், எல்லாத்தையும் ஆடிட்டர் குடைஞ்சு எடுத்துடுவாரு."

போனை வைத்த பிறகும் அதே நினைப்பு. ஆண்டவனே, என்னிடம் நீ ஒருநாளும் ஆதாரம் கேட்டதில்லை. நானும் உன்னிடம் கேட்டதில்லை. இவர்கள் வருடாவருடம் கேட்கிறார்கள் — அதிலும் ஒரு பக்தி இருக்கத்தான் செய்கிறது.

ஜூன் 14

சாப்பிட்டு முடித்ததும் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டை, அட்டை, நானூறு கோடி. "ஆக, கம்பெனிக்கு ஒண்ணுமில்லங்க. நீங்க கையெழுத்துப் போட வேணாம்," என்று முடித்தேன். பாராட்டுவார் என்று பார்த்தேன்.

தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே, "அப்ப நஷ்டம் இல்லையா?" என்றார். நல்ல சேதி கேட்ட முகமாகவே இல்லை.

"ஏங்க?"

"நஷ்டம்னா, வேற வழியில்லாம வந்துட்டேன்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

ஸ்டோரை ஊருக்கு வெளியே மாற்றியதிலிருந்து போகவர நாலு மணி நேரம் பஸ். அலமாரி ஏணியில் ஏறினால் முட்டி மடங்குவதில்லையாம். இரண்டு வருடமாக! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

"உன்கிட்ட சொன்னா, மகளுக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவுன்னு உக்காந்து கூட்டுவ. கூட்டிட்டு, பத்தலேன்னுதான் சொல்லுவ."

ஜூன் 15

கூட்டினேன். பத்தவில்லை.

ஜூன் 22

மறுபடி கூட்டினேன். கிடைக்கும் தொகையில் மகளின் படிப்புக்கு முதலில் எடுத்து வைத்தேன். இவருக்கு மின்விசிறி, மிக்ஸி பழுது பார்க்கத் தெரியும். அதில் எவ்வளவு வரும் என்று தெரியாததால் நினைத்ததில் பாதிதான் போட்டேன். ஆர்டர் உண்டா, திட்டம் உண்டா என்று என்னையே குடைந்துகொண்டேன். இழுத்துப் பிடித்தால் நிற்கும்போலத் தெரிகிறது.

ஜூன் 29

கையெழுத்துப் போட்டார். பிரார்த்தனையில் இன்று ஒன்றுமே கேட்கத் தோன்றவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கொழுந்தனார்: "கம்பெனி நல்லா இருக்குன்னு தெரிஞ்சப்புறம் வெளிய வர்ற ஒரே ஆளு எங்கண்ணன்தான் அண்ணி."

அடுத்த வருடம், ஜூன் 6

அறிக்கை வந்தது. லாபம் பதினாறு, வரி நாலு. கணக்குப் பாடம்போல நேராக, சுவாரசியமே இல்லாமல்.

இவர் கூடத்துத் தரையில் பக்கத்து வீட்டு மின்விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். இந்த மாதம் இது ஐந்தாவது. "படி, கேட்டுக்கிட்டே செய்யறேன்," என்றார். நாற்பதாம் பக்கத்தில் இருந்தது: விருப்ப ஓய்வு பெற்றவர்களுக்குக் கொடுத்தது, ஆறு கோடி.

"அதுல நானும் இருக்கேனா?"

"இருக்கீங்க. பக்கத்துலயே, 'மறுபடி வராத செலவு'ன்னு போட்டிருக்காங்க."

ஸ்குருவை வாயில் கவ்வியபடியே சிரித்தார். "சரியாத்தான் எழுதியிருக்காங்க."