நாற்பத்தொரு பேரும் அறுபத்துமூன்று பேரும்

சித்தூர்
ஜூன் 14

அன்பு மகள் அகிலாவுக்கு,

கர்த்தருடைய காவல் உன்மேல் இருப்பதாக. இங்கே நாங்கள் சுகம். மழை தொடங்கியதும் உன் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. பங்காருபாளையத்திலிருந்து மாம்பழம் கூடை கூடையாக வருகிறது. சாப்பிட நீதான் இல்லை.

போன வாரம் நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். லீட்ஸ் ஆஸ்பத்திரியில் உன் பேட்ஜைப் பார்ப்பவர்கள் எல்லாரும் 'ரென்த்வெயிட்' உன் கணவர் பெயரா என்று கேட்கிறார்கள், சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, பெயரை மாற்ற மனு எழுதி வைத்திருக்கிறேன் என்றாய். உன்மேல் எனக்குக் கோபமில்லை. பள்ளியில் என்னை 'ரெண்டு வெயிட்டு' என்று கூப்பிட்டார்கள். அது விளையாட்டு. இதே பெயர் கொண்ட, இங்கே மிஷன் ஆஸ்பத்திரி நடத்திய வெள்ளைக்கார டாக்டரம்மாவையும் நம் குடும்பத்தையும் சேர்த்துத் தப்பாகப் பேசியதைத்தான் தாங்க முடியவில்லை. இந்தப் பெயர் நமக்கு எப்படி வந்தது என்று என் நைனாவிடம், அதுதான் உன் தாத்தாவிடம், கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

செவ்வாய்க்கிழமை நம் வீட்டுக்கு பீட்டர் ரென்த்வெயிட் என்று ஓர் இங்கிலாந்துக்காரர் வந்தார். டாக்டரம்மாவின் தம்பி பேரன். உலகத்தில் இந்தப் பெயர் எங்கெங்கே இருக்கிறது என்று கணக்கெடுப்பதே வேலையாக இருக்கிறார். சர்ச் மூலம் நம்மைக் கண்டுபிடித்தாராம். 'த்வெயிட்' என்றால் வடக்கு இங்கிலாந்தில் காட்டை வெட்டித் திருத்திய சின்ன நிலமாம். அங்கே ரென் என்ற குருவி அதிகமாம். அதுதான் பெயருக்கு மூலம். அந்தப் பெயருள்ள ஊரில் இப்போது நாலே வீடு.

அவர் டாக்டரம்மா தன் தங்கைக்கு எழுதிய கடிதத்தின் நகலைக் கொண்டுவந்தார். நம் பெயரின் கதை அதில் இருந்தது. நைனாவைப் பள்ளியில் சேர்த்த அன்று, இன்டிபேரு, அதாவது குடும்பப் பெயர், என்ன என்று வாத்தியார் கேட்டிருக்கிறார். டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் வண்டி ஓட்டிய என் தாத்தாவுக்கு அப்படி ஒன்று ஏது? வாத்தியார் சாதிப் பெயரையே எழுதப் போனாராம். கூடப் போயிருந்த டாக்டரம்மா தடுத்திருக்கிறார். நம் ஊர்த் தமிழில் தான் சொன்னதை இங்கிலீஷ் எழுத்தில் அப்படியே எழுதி, தங்கைக்குப் புரிய அர்த்தமும் கீழே எழுதியிருக்கிறார்:

"அத்த எழுதாதே. என் பேர எழுது. எனக்குப் புள்ள இல்ல, என்னோட முடிஞ்சிபோவும். இவனோட போய்க்கினு இருக்கட்டும்."

நைனா ஏன் வாயே திறக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. இதைச் சொன்னால், வாத்தியார் எழுதப் போன அந்த இன்னொரு பெயரையும் எங்களிடம் சொல்லவேண்டி வந்திருக்கும்.

பீட்டர் நம்மையெல்லாம் எழுதிக்கொண்டார். திருப்பதியில் இருப்பவர்கள், ஸ்ரீசிட்டி கம்பெனிகளில் வேலை செய்பவர்கள், நேற்றுப் பிறந்த குழந்தை வரை அறுபத்துமூன்று பேர். இங்கிலாந்தில் இந்தப் பெயரில் எத்தனை பேர் என்று உன் ஜெயம்மா அத்தை கேட்டாள். நாற்பத்தொன்று என்றார். அத்தை என்னிடம், "அப்போ நாமதான் பெரிய வூடு. வந்த புள்ளைய துன்னுட்டுப் போவச் சொல்லு" என்றாள். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் டாக்டரம்மாவின் கல்லறைக்கு எல்லாருமாகப் போய்வந்தோம்.

அகிலா, மனுவைக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். இனி யாராவது கேட்டால் சொல்ல உனக்கு ஒரு பதில் இருக்கவேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். எந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டாலும் தலை நிமிர்ந்து போடு. வேளாவேளைக்குச் சாப்பிடு. தேவன் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அப்பா,
ஜெபகுமார் ரென்த்வெயிட்