யாரும் கேட்காத உள்மூலை

மாப்பிள்ளை,

என் மேசையில் ஒரு போலித் தைலப் புட்டி நிற்கிறது. மூடியை இறுக்கித்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் அறை முழுவதும் அதன் வாசனை. நல்ல நீலகிரித் தைலம் மூக்கைக் குத்திவிட்டுச் சட்டென்று விலகிவிடும். இது விலகுவதில்லை, குத்தல் அடங்கிய பிறகும் மண்ணெண்ணெய் போல ஏதோ ஒன்று பின்னால் நிற்கிறது. அந்த வாசனை எழும்போதெல்லாம் பழக்கதோஷத்தில் உங்கள் நாற்காலியைத் திரும்பிப் பார்க்கிறேன். அதில் இப்போது என் தங்கை வசந்தி உட்கார்ந்திருக்கிறாள். சென்ற மழைக்காலத்தில் நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு, உங்கள் கணினியைத் தவிர வேறு எதையும் அவள் என்னிடம் கேட்கவில்லை.

தங்கையின் கணவருக்கு மரியாதை தர வேண்டும் என்பது முறை. அந்த முறையை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. நீங்கள் படியேறி வந்தால் எழுந்து நின்றேன். உங்களை ஒருமையில் அழைத்ததில்லை. தேநீரை முதலில் உங்களுக்கே கொடுக்கச் சொன்னேன். ஆனால் நம்பவும் வேண்டும் என்று எந்த முறையிலும் சொல்லப்படவில்லை. ஆகவே நான் நம்பவில்லை. கோவையில் பெரிய விளம்பர நிறுவனத்தில் நல்ல வேலையில் இருந்தவர், அதை விட்டுவிட்டுக் குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே நான் லேபிள் வரைந்து கொடுக்கும் இந்த ஈரம் பிடித்த மாடி அறைக்கு ஏன் வர வேண்டும்? நேராகவே கேட்டேன். நீங்கள் சன்னலுக்கு வெளியே காட்டினீர்கள்.

"அங்க பனி இல்லீங்க மச்சான்."

இது ஒரு பதிலா? திருமணமான புதிதில் கேட்டது. கடைசி வரை இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

அதைவிடப் பெரிய உறுத்தல் அந்தப் பென் டிரைவ். மாலையில் கடையை மூடுமுன் உங்கள் கணினியில் அதைச் சொருகுவீர்கள், ஏதோ நகலெடுப்பீர்கள், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அருவங்காட்டுக்குப் பேருந்து ஏறுவீர்கள். கேட்டால், "பாட்டுங்க. ஊட்டுல நெட்டு ஒழுங்கா வர்றதில்ல" என்பீர்கள். வாடிக்கையாளரின் கோப்பு எதுவும் பார்க்கப்படாமல் வெளியே போகக்கூடாது என்பது இந்த அறையின் விதி. அதை எழுதிச் சுவரில் ஒட்டியவனே நான்தான். ஆனால் மாப்பிள்ளையின் சட்டைப் பையில் கைவிடுவதற்கு எந்த விதியை எழுதுவது?

நம் வாடிக்கையாளரான தைல முதலாளியின் லேபிளுக்காகக் கணினியில் நாம் அந்தப் பேட்டர்ன் பிரஷ்ஷைச் செய்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லேபிளைச் சுற்றித் தைலமர இலைகளால் ஒரு கரை வேண்டும் என்றார் அவர். ஒவ்வோர் இலையாக வரைந்து அடுக்கினால் அளவு மாறும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மென்பொருளில் ஒரு பிரஷ்ஷாகச் செய்துவிட்டால் கோட்டை இழுத்தால் போதும், இலைகள் அதன் மேல் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும். அதற்குத் துண்டுகள் வேண்டும்: நேராக ஓடுவதற்கு ஒன்று, வெளிப்பக்கம் திரும்பும் மூலைக்கு ஒன்று, உட்பக்கம் திரும்பும் மூலைக்கு ஒன்று, கோடு மூடாமல் நின்றால் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனித்தனியே.

நேர்த்துண்டை நான் செய்தேன். துண்டின் எல்லையாக நிறமில்லாத ஒரு கட்டத்தைப் பின்னால் வைத்து, அரிவாள் போல் வளைந்த அந்த இலையின் காம்பு இடது ஓரத்தில் எந்த உயரத்தில் நுழைகிறதோ, வலது ஓரத்தில் அதே உயரத்தில் வெளியேறும்படி அமைத்தேன். மயிரிழை பிசகினாலும் கரை முழுவதும் விக்கல் எடுத்ததுபோல் துள்ளும். மூலைகளை மென்பொருளே தானாகச் செய்துகொள்ளும் வசதி ஒன்று உண்டு. அதை இந்த அறையில் தொடக்கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். மூலைத் துண்டுகள் உங்கள் பொறுப்பு. வெளிமூலையை முடித்துவிட்டு இன்னொன்றையும் வரைந்துகொண்டிருந்தீர்கள்: இரண்டு இலைகள் காம்போடு காம்பு குறுக்கே போக, அவற்றின் இடுக்கில் ஒற்றைக் காய்.

"இது எதற்கு?" என்று கேட்டேன்.

"உள்மூலைங்க."

"லேபிள் வெறும் நீள்சதுரம். நீள்சதுரத்தில் உள்மூலை எங்கே வரும்?"

"இப்ப வராதுங்க."

"வராததற்கு மணிக்கணக்கில் வேலையா?"

"நேராப் போறதுல என்னங்க மச்சான் இருக்குது? திரும்பற எடத்துலதான் வரைஞ்சவன் கை தெரியோணும்."

"யார் பார்க்கப்போகிறார்கள்?"

"நீங்க பாப்பீங்க. உங்களுக்குத்தான் எங்கியாச்சும் குத்தம் கண்டுபுடிக்காட்டித் தூக்கம் வராதே."

நான் சிரிக்கவில்லை. உண்மையைச் சொல்லப்போனால், தேவையில்லாத துண்டைத் தேவையில்லாத கவனத்தோடு செய்யும் மனிதருக்கு வேறேதோ நோக்கம் இருக்க வேண்டும் என்றுதான் அன்று எண்ணினேன்.

இரண்டு வாரங்களுக்கு முன் தைல முதலாளி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தோள்துண்டில் சுற்றிக் கொண்டுவந்த புட்டியைப் பிரித்து, என் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் ஒருபோதும் விற்காத பெரிய புட்டி. அதன் லேபிள் நீள்சதுரமாகவும் இல்லை. மேல்விளிம்பின் நடுப்பகுதி ஒரு மேடை போல எழும்பி நின்றது. அந்த மேடையைச் சுற்றி ஏறி இறங்கி ஓடியது நம்முடைய இலைக்கரை.

"இந்த எலைய யாரு குடுத்தது?" என்றார்.

கையில் வாங்கப்போனேன். அவர் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "இது சாட்சிங்க. உங்ககிட்ட விட்டுட்டுப் போக நான் என்ன இளிச்சவாயனா?"

எட்ட நின்றே பார்த்தேன். மேடை தொடங்கும் இடத்தில் கரை உட்பக்கமாகத் திரும்பியிருந்தது, தடுமாற்றம் எதுவுமில்லாமல். அச்சான எந்த லேபிளிலும் உள்மூலை கிடையாது. லேபிளைப் பார்த்துக் காப்பியடித்தவனுக்கு உள்மூலை எங்கிருந்து வரும்? பிரஷ்ஷே கைமாறியிருந்தால்தான் வரும். பிரஷ் இருந்தது இரண்டு கணினிகளில். ஒன்று என்னுடையது.

என் முகத்தை அவர் படித்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டார். "உங்களச் சொல்லலீங்க. நீங்க ரூல்சு ஆளு, எனக்குத் தெரியும். அவருதான் குடுத்தாருன்னு ஒரு கடுதாசி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. செத்தவரு மேல யாரு கேசு போடப்போறாங்க? வேலையெல்லாம் எப்பவும் போல உங்களுக்கே வரும்." பிறகு வசந்தி உட்கார்ந்திருந்த பக்கம் தாடையை அசைத்தார். "ஆனா அந்தம்மா இனிமே அந்த மிசின்ல உக்காரக்கூடாது. எழுதித் தரலீன்னா நான் கடைவீதியில கேக்கிறவங்களுக்கெல்லாம் சொல்லிப்போடுவேன்."

வசந்தி திரும்பவில்லை. அவள் விரல்கள் மட்டும் விசைப்பலகையில் நின்றுவிட்டன.

மாப்பிள்ளை, இதை உங்களிடம் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை: அவர் படியிறங்கிய உடனே நான் எழுதத் தொடங்கிவிட்டேன். 'என் தங்கையின் கணவரான காலஞ்சென்ற' என்பது வரை தட்டினேன். அந்தப் பென் டிரைவ், கோவை, பனி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து நின்றன, நாம் செய்த பிரஷ்ஷைப் போலவே. உங்கள் பெயரைத் தட்ட வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். பாசத்தால் அல்ல. கையில் வாங்கிப் பார்க்காத பொருளைப் பற்றி நான் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை.

ஆகவே அந்தப் புட்டியைத் தேடிப் போனேன். ஊட்டிக் கடைகளில் என்னைக் கண்டதும் முதலாளியின் அசல் புட்டியை எடுத்துவைத்தார்கள். பெரியது கேட்டால் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் பைக்காராவில், படகுத்துறைக்குப் போகும் வழியில், சுட்ட சோளமும் தைலமும் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் அது இருந்தது. விலையைக் கேட்டேன். அவர் புட்டியைச் சாக்குக்கு அடியில் தள்ளினார்.

"இல்லீங்க. அது விக்கிறதுக்கில்ல."

"பிறகு எதற்கு வைத்திருக்கிறீர்கள்?"

"முட்டி வலிக்கு. ஏனுங்க, நீங்க ஆபீசருங்களா?"

"இல்லை."

"சட்டைப் பையில ரெண்டு பேனா வெச்சிருக்கீங்க. கழுத்துப் பட்டன் வேற போட்டிருக்கீங்க."

"குளிருக்குப் போட்டேன்."

"அப்ப பேனா?"

சோளம் ஒன்று வாங்கி அவர் எதிரிலேயே நின்று தின்றேன். கடமையில் இருக்கும் அதிகாரி வாயில் மிளகாய்ப்பொடி ஒட்ட நின்று தின்னமாட்டார் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். சாக்கை விலக்கினார். "பில்லு கில்லு கேக்கக்கூடாது, ஆமா" என்றார். வாழ்க்கையில் முதன்முறையாகப் பில் இல்லாமல் ஒரு பொருள் வாங்கினேன்.

திரும்பி வந்து லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரித்தேன். உலர்த்தி, ஸ்கேன் செய்து, அந்த உள்மூலையைத் திரை நிறையும் அளவுக்குப் பெரிதாக்கினேன். பக்கத்திலேயே நம் கோப்பைத் திறந்து உங்கள் துண்டை வைத்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் வாடிக்கையாளர் பெயரும் வரிசை எண்ணும் இட வேண்டும் என்பது விதி. நீங்கள் அதற்குத் 'திரும்பற இலை' என்று பெயர் வைத்திருந்தீர்கள். அதைத் திருத்தச் சொல்லி இரண்டு முறை நினைவூட்டியிருக்கிறேன்.

திரையில் இடப்பக்கம் உங்கள் இரண்டு இலைகள், காம்புகள் குறுக்கே போக, இடுக்கில் காய். வலப்பக்கம் காயே இல்லை. இலையும் இல்லை, பாதி இலை. மூலைவிட்டமாக வெட்டுப்பட்டு, அந்த வெட்டில் இன்னொரு பாதியோடு ஒட்டியிருந்தது, படச்சட்டத்தின் மரத்தை அறுத்துச் சேர்ப்பதுபோல. மனிதக் கை அப்படி ஓர் இலையைக் கொல்லாது. அது மென்பொருள் தானாகவே வெட்டிச் செய்துகொண்ட மூலை. இந்த அறையில் நான் தடைசெய்து வைத்திருந்ததாலேயே, அப்படியொன்று உண்டு என்பது எனக்குத் தோன்றாமல் போயிருக்கிறது.

யாரோ ஒருவன் கடையில் அசல் புட்டியை வாங்கி, நேர் இலையையும் வெளிமூலையையும் பொறுமையாகப் பார்த்து வரைந்திருக்கிறான். உள்மூலைக்குப் பார்த்து வரைய அவனிடம் எதுவும் இல்லை. நம் பிரஷ் அவன் கையில் இருந்திருந்தால், அவன் வேண்டாமென்றாலும் உங்கள் காய் தானே வந்து உட்கார்ந்திருக்கும்.

வசந்தியை அழைத்தேன். வந்து நின்று, நெடுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் இரண்டு மூலைகளையும் பெரிய தாளில் அச்சிட்டுத் தைல முதலாளியின் முன் விரித்தேன். முதலில் அவர் நம்பவில்லை. தம்முடைய புட்டியைத் துண்டிலிருந்து பிரித்து, லென்சை வைத்து, வெட்டுப்பட்ட இலையைத் தாமே கண்டுபிடித்த பிறகுதான் உட்கார்ந்தார்.

"அப்ப உங்க மச்சான் இல்லையா?"

"மாப்பிள்ளை. தங்கையின் கணவர்" என்று திருத்தினேன். "அவர் இல்லை."

"பின்ன வேற யாரு?"

"அதை நீங்கள் காவல் நிலையத்தில் கேளுங்கள். நான் தருவது இதுதான்." முறைப்படி எழுதிக் கையெழுத்திட்ட தாளைக் கொடுத்தேன். அந்தப் போலி லேபிள் இந்த அறையின் பிரஷ்ஷால் செய்யப்பட்டதல்ல என்றும், அதற்குச் சான்று என் தங்கையின் கணவர் வரைந்த உள்மூலை என்றும் அதில் இருந்தது. உங்கள் பெயரை முழுதாக, தலைப்பெழுத்தோடு தட்டியிருந்தேன். அவர் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். போகும்போது வசந்தியின் பக்கம் நின்று, "அடுத்த லேபிளு நீங்களே போடுங்கம்மா" என்றார். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

அவர் போன பிறகு அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"ஏனுங்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க அவர நம்புனீங்களா, இந்த மூலைய நம்புனீங்களா?"

பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. "மூலையைத்தான்" என்றேன்.

"தெரியும். அவருக்கும் தெரியும்." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. மேசையின் இழுப்பறையைத் திறந்து உங்கள் பென் டிரைவை எடுத்து என் முன் வைத்தாள். "இதையும் பாத்துருங்க. மனசுல வெச்சுட்டே இருக்காதீங்க."

"இதில் என்ன இருக்கிறது?"

"பாட்டுன்னாரு."

"நீ பார்த்தாயா?"

"பாட்டுன்னு சொன்னாரு. அப்பறம் எதுக்குப் பாக்கோணும்?"

அன்று மாலை, மாப்பிள்ளை, அந்தப் பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் கணினியின் முன் நின்றேன். சொருகினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். வெளியே உங்கள் பனி ஏறிக்கொண்டிருந்தது. எதிர்க்கடையின் விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. 'அங்க பனி இல்லீங்க' என்ற உங்கள் பதிலை எண்ணிப் பார்த்தேன். இப்போதும் அது ஒரு பதில்தான் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

போன வாரம் ஒரு சாக்லேட் பெட்டிக்குக் கரை வேண்டும் என்று வந்தார்கள். பெட்டி சுத்தமான சதுரம். வசந்தி துண்டுகளைச் செய்து காட்டினாள்.

"உள்மூலை எங்கே?" என்றேன்.

"சதுரத்துக்கு எதுக்குங்ணா?"

"வரைந்துவிடு."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு வரைந்தாள். அதற்கு என்ன பெயரிட்டாள் என்று நான் பார்க்கவில்லை.

பென் டிரைவ் என்னிடம்தான் இருக்கிறது, சட்டைப் பையில், இரண்டு பேனாக்களுக்கு நடுவில். பார்க்கப்படாத கோப்பு வெளியே போகக்கூடாது என்ற தாள் இன்னும் அந்தச் சுவரில்தான் ஒட்டியிருக்கிறது. தினமும் மாலையில் அதன் கீழேதான் கதவைப் பூட்டுகிறேன். தினமும் அந்தப் பார்க்கப்படாத ஒன்றைச் சுமந்துகொண்டு படியிறங்குகிறேன். எந்த மனிதரும் பாட்டுக்காக அன்றாடம் ஒரு பென் டிரைவை எடுத்துப்போகமாட்டார் என்றே இன்னமும் எனக்குப் படுகிறது. ஆனாலும் பாட்டு என்று சொன்னீர்கள். பாட்டாகவே இருக்கட்டும்.