நாற்பத்தேழாம் எண் ஸ்லைடு

மச்சானுக்கு ஸலாம்.

பிள்ளைகள் நலம். தோஹாவில் வெயில் கடுமையா?

எங்கள் ராயபுரம் லேபில் இப்போது, செல் பெருகுவதற்காக டிஎன்ஏவை நகலெடுக்கும் புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்க்கிறோம். மார்போ குடலோ, எந்தப் புற்றுநோயானாலும் வேகமாக வளர்வதென்றால் ஸ்லைடில் பழுப்புப் புள்ளிகள் அப்பிக்கிடக்கும். ஸ்லைடில் பெயர் இருக்காது, எண்தான்.

நாற்பத்தேழில் புள்ளிகள் குறைவு. சாயம் ஏறவில்லையோ என்று மறுபடியும் போட்டேன். மூன்றாம் முறையும் அப்படியேதான்.

"யாருதோ ஒண்ணுக்கு இன்னாத்துக்குடி மூணு தபா?" என்று கூட வேலை பார்க்கும் தாயம்மா திட்டினாள். அந்த எண் யாருடையது என்று நான் சொல்லவில்லை.

போன வாரம் காரணம் சொல்லாமல் உங்களை உடனே வரச் சொன்னேன். அவசரமில்லை. பெருநாளுக்கே வாருங்கள், நான் இருப்பேன்.

உங்கள் மனைவி