பின்தெருவின் பதினொரு படங்கள்

மஹய்யாவ, கண்டி
12.02.2024

அன்புள்ள ரிஸ்மி,

வீட்டில் லோஜினிக்கு முழங்கால் வலி. அது தவிர புருஷனும் பெண்சாதியும் சுகம். நீயும் மனைவியும் ஷஹ்மாவும் மெல்பேர்ன் வெயிலில் வாடிப்போகாமல் இருக்கிறீர்களா?

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். படத்தை மட்டும் உறையில் போட்டு ஒட்ட மனம் வரவில்லை. அதோடு, போனில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு மறந்துவிடுவாய்.

எங்கள் பேராலயத்தின் கூரை வேலை மே மாதம் தொடங்குகிறது. அதற்கு முன் கட்டடம் உள்ளும் புறமும், சுற்றியுள்ள பழைய தெருக்களோடு சேர்த்து, இருக்கிறபடியே படமாக வேண்டும் என்று பங்குச் சுவாமி என்னைக் கூப்பிட்டார். பதினெட்டு வருடம் கலியாண வீடுகளில் ஆட்களைச் சிரிக்கச் சொல்லிக் களைத்தவன் நான். சொல்லாமலே அசையாமல் நிற்கிற ஒன்றைப் படம் எடுப்பது எவ்வளவு ஆறுதல் தெரியுமா? ஆனால் அதற்கும் அதன் பிடிவாதம் உண்டு. கீழே நின்று கமராவை நிமிர்த்தினால் தூண்கள் எல்லாம் பின்னால் விழுவதுபோல் வருகின்றன. பாட்டுக் குழுவின் மேல்தட்டில் ஏறி நின்றுதான் நேராக எடுக்க முடிந்தது. காலை ஏழு மணிக்குக் கிழக்கு ஜன்னல்களால் வெயில் வந்து சனம் உட்காரும் வாங்குகளின் மேல் விழும். பத்து நிமிடம்தான். பிறகு எல்லாம் வெறும் சாம்பல் நிறம்.

தெருக்கள் இன்னும் சிரமம். வயர், பெயர்ப்பலகை, ஸ்கூல் வான், முச்சக்கர வண்டி. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஒரு மணி நேரம் மட்டும் சுவர்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. அப்படி ஒரு ஞாயிறு எடுத்ததுதான் இந்தப் படம். உங்கள் பின்தெருக் கட்டடம். வாசலில் பலகைக் கதவைத் தள்ளிக்கொண்டிருப்பது உன் அக்கா, மஸீனா ராத்தா. நான் எடுத்தது அவருக்குத் தெரியாது.

ராத்தா உன்னை விசாரித்தார். "தம்பி எனக்குப் போன் எடுக்கிற கொறவு, உங்களுக்காவது பேசுறாரா?" என்று கேட்டார். அடிக்கடி பேசு.

அன்புடன்,
சுரேஸ்


மெல்பேர்ன்
03.03.2024

அன்புள்ள சுரேஸ்,

படத்தைப் பார்த்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ராத்தா மெலிந்துவிட்டார். மேல்மாடிப் பலகணியின் மரக்கம்பிகள் அப்படியே இருக்கின்றன. ஷஹ்மாவுக்குக் காட்டினேன். "இது மியூசியமா?" என்று கேட்டாள்.

எனக்கு ஓர் உதவி செய். அந்தக் கட்டடத்தை முழுதாகப் படம் எடுத்து அனுப்பு. முன்பக்கம், பின்பக்கம், கீழே கடை, மேலே அறைகள், கூரை, பின்முற்றம். பக்கத்து ஒழுங்கையையும் எடு. ஒரு லொறி உள்ளே போகுமா என்று தெரிகிற மாதிரி, முடிந்தால் அகலத்தை அளந்து எழுது. எல்லாம் ஞாபகத்துக்குத்தான். இங்கே வீட்டுச் சுவரில் ஒரு வரிசையாக மாட்ட நினைக்கிறேன்.

ராத்தாவிடம் நான் கேட்டதாகச் சொல்லாதே. தெரிந்தால் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைத்துவிடுவார். எனக்கு இருக்கிறபடி வேண்டும்.

லோஜினியின் காலுக்கு நல்ல டொக்டரிடம் காட்டு. தைலம் பூசிக்கொண்டே இருக்காதே.

என்றும் உன்,
ரிஸ்மி


மஹய்யாவ
24.03.2024

அன்புள்ள ரிஸ்மி,

நீ கேட்ட படங்கள் பதினொன்று இதில் இருக்கின்றன. ஒழுங்கையின் அகலம் ஒன்பது அடி நான்கு அங்குலம். சிறிய லொறி போகும். சுவரில் மாட்டுகிற படத்துக்கு லொறி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டதால் அளந்தேன்.

ராத்தாவுக்குப் பெருநாள் தையல் வேலை தலைக்கு மேல். மூன்று மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. பேராலய வேலைக்காகத் தெருவில் உள்ள பழைய கட்டடங்களை எல்லாம் எடுக்கிறேன் என்று சொல்லி உள்ளே போனேன். அது பாதி உண்மை. தான் நோன்போடு இருந்துகொண்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

ஒழுங்கையில் நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தபோது எட்டிப் பார்த்தார்.

"சுவாமி ஒழுங்கையையும் அளக்கச் சென்னாரா தம்பி?"

"ஓம் ராத்தா, கணக்குக்குத்தான்."

நோன்பு பிடித்திருக்கிற மனுசியிடம் முகத்துக்கு நேரே பொய் சொன்னேன். அன்று பின்னேரம் பேராலயத்தில் பீடத்தைப் படம் எடுக்கப் போனவன், எடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

பெருநாளைக்காவது ராத்தாவோடு பேசு.

அன்புடன்,
சுரேஸ்


மஹய்யாவ
05.05.2024

ரிஸ்மி,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பேராலயத்தின் முன்படிகளில் கமரா முக்காலியை வைத்து வேலை செய்துகொண்டிருந்தேன். கூரை வேலைக்குச் சாரம் கட்டத் தொடங்கிவிட்டார்கள். இனி முகப்பைப் படம் எடுக்க முடியாது என்ற அவசரம். மஸீனா ராத்தா படியேறி வந்தார். இத்தனை வருடத்தில் அவர் அந்தப் படியேறி நான் பார்த்ததில்லை. அவரோடு வீடு விற்றுக் கொடுக்கிற ஒரு புரோக்கர். கையில் டேப்லட்.

"தம்பி, இந்தப் போட்டோ நீங்க எடுத்ததா?"

என் படங்கள்தான். நான் அனுப்பிய பிரிண்டுகளை நீ உன் மேசையில் வைத்துப் போனில் பிடித்து அனுப்பியிருக்கிறாய். மூலையில் பூப்போட்ட மேசை விரிப்புத் தெரிந்தது. கடைக்குள் ராத்தா குனிந்து தைக்கிற படமும் அதில் இருந்தது. கீழே 'உடனடி விற்பனைக்கு' என்று எழுதியிருந்தது.

புரோக்கருக்கு நம் கதை எதுவும் தெரியாது. "ஓனர் அவுஸ்திரேலியால. இப்ப இருக்கிற ஆள் மூணு மாசத்துல எழும்புவாங்கன்னு சொன்னாரு" என்றான். 'இருக்கிற ஆள்' பக்கத்தில்தான் நின்றார்.

எடுத்தது நான்தான் என்று ஒத்துக்கொண்டேன். நீ கேட்டு எடுத்தேன் என்றும் சொன்னேன். ராத்தா ஏசவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார். முக்காலியை மடிக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

இது என்ன வேலை, ரிஸ்மி? எனக்கு நேராக எழுது.

சுரேஸ்


மெல்பேர்ன்
26.05.2024

அன்புள்ள சுரேஸ்,

உன்னிடம் மறைத்தது பிழை. மன்னித்துக்கொள். விற்பது பிழையில்லை.

இங்கே எத்தனை வருடம் வாடகை வீட்டில் இருப்பது? ஷஹ்மா அடுத்த வருடம் பல்கலைக்கழகம் போகிறாள். ராத்தாவை நான் தெருவில் விடப் போவதில்லை. அக்குறணையில் சின்னதாக ஒரு வீடு பார்த்திருக்கிறேன். படியேற வேண்டாம், புகை இல்லை. எல்லாம் முடிந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். முன்னால் சொன்னால் அழுவார், நானும் தளர்ந்துவிடுவேன்.

நீ எதை நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். நான் படிக்க வருவதற்கு முன், விசாவுக்குச் சொத்துக் காட்ட வேண்டும் என்றுதான் வாப்பா அந்தக் கட்டடத்தை என் பெயருக்கு எழுதினார். நீ சாட்சிக் கையெழுத்துப் போட்டாய். விசா கிடைத்ததும் திருப்பி மஸீனாவுக்கு எழுது என்று பத்திரம் எழுதிய நொத்தாரிஸின் மேசைக்கு முன்னாலேயே வாப்பா சொன்னார். நான் மறுக்கவில்லை. ஆனால் அது வாய்ப்பேச்சு. உறுதிப் பத்திரத்தில் அப்படி ஒரு வரி இல்லை. திருப்பி எழுதுவதற்குள் வாப்பா மௌத்தாகிவிட்டார். அன்று அதைக் கேட்டவர்களில் இப்போது உயிரோடு இருப்பது நீயும் நானும்தான்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. எதுவும் செய்யாதே. பேசாமல் இரு.

என்றும் உன்,
ரிஸ்மி


மஹய்யாவ
16.06.2024

ரிஸ்மி,

உன் கடிதம் கிடைத்து இரண்டு நாள் யோசித்தேன். லோஜினி ஒரு தரம்தான் வாயைத் திறந்தாள். "நீங்க சும்மா இருந்தா அதுக்குப் பேரு சும்மா இருக்கிறது இல்லைங்க" என்றாள். மூன்றாம் நாள் ராத்தாவிடம் போனேன்.

மெஷின்கள் நின்றிருந்தன. பெட்டிகளில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நீ சொல்லாமலே வீட்டை விட்டு எழும்பத் தயாராகிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். நொத்தாரிஸ் வீட்டில் வாப்பா சொன்னதைச் சொன்ன மாதிரியே சொன்னேன். 'அது மஸீனாட ஊடு. இவனுக்கு விசா கெடச்சதும் அவட பேருக்கு எழுதணும்.' இதுதான் அவர் வார்த்தை. நீ தலையாட்டினாய் என்பதையும், நீ எப்போதோ எழுதிக் கொடுத்திருப்பாய் என்று நம்பித்தான் நான் இதுவரை இதைப் பேசவில்லை என்பதையும் சொன்னேன்.

ராத்தா கையில் இருந்த துணியை மடித்து முடித்தார். பிறகு கேட்டார்.

"வாப்பா அப்புடியா சென்னாரு?"

"அப்பிடித்தான் சொன்னாரு ராத்தா."

"எனக்கிட்ட ஒருத்தரும் செல்லல்லயே தம்பி. வாப்பா மௌத்தான பொறகு உறுதியப் பார்த்தேன். தம்பிட பேரு மட்டும்தான் ஈந்துச்சு. என்னய மறந்துட்டாருன்னுதான் இவ்வளவு காலமும் நெனச்சிக்கிட்டு ஈந்தேன்."

பாயோடு கிடந்த உன் உம்மாவை ஒன்பது வருடம் தூக்கி இறக்கிப் பார்த்தவர், வாப்பா தன்னை மறந்துவிட்டார் என்ற நினைப்போடுதான் பார்த்திருக்கிறார். அதை யோசித்துப் பார்.

வேண்டுமானால் சட்டத்தரணியிடம் வந்து எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். "நான் தம்பியோட வழக்குப் பேசக் கோட்டுக்குப் போகமாட்டேன். ஊட்ட விக்கிறதுன்னா விக்கட்டும். வாப்பா என்னய நெனச்சாரு. எனக்கு அது தெரிஞ்சாச் சரி." அதற்குப் பிறகுதான் அழுதார். நான் எழுந்து ஒழுங்கைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

சட்டம் உன் பக்கம் இருக்கலாம். ராத்தாவும் உன்னைத் தடுக்க மாட்டார். ஆனால் யார் வந்து கேட்டாலும் நான் கேட்டதைச் சொல்வேன். பேசாமல் இருக்கச் சொல்லி இன்னொரு தரம் எழுதாதே. அந்தப் பதினொரு படங்களையும் விளம்பரத்தில் இருந்து எடுக்கச் சொல். அவை என் படங்கள்.

சுரேஸ்


மெல்பேர்ன்
21.07.2024

சுரேஸ்,

படங்களை எடுக்கச் சொல்லிவிட்டேன். விற்பனையையும் நிறுத்திவிட்டேன். போன வியாழக்கிழமை இலங்கைக் கொன்சல் அலுவலகத்துக்குப் போய், கட்டடத்தை ராத்தாவின் பெயருக்கு மாற்றுவதற்கான பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். மிச்சத்தை அங்கே அக்குறணையில் ஒரு சட்டத்தரணி பார்த்துக்கொள்வார். மனைவி என்னோடு ஒரு கிழமையாகப் பேசவில்லை. அது என் பாடு.

ராத்தா கோட்டுக்கு வந்திருந்தால் நான் விற்றிருப்பேன். உண்மையைத்தான் எழுதுகிறேன். அவர் துணியைப் பெட்டியில் அடுக்கினார் என்று நீ எழுதியதைத் தாண்டி எனக்குப் போக முடியவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு அலுவலக வாசலில் நின்றே ராத்தாவுக்குப் போன் எடுத்தேன். விசயத்தைச் சொன்னேன். வாப்பா சொன்னதை நான் மறைத்தேன் என்றும் சொன்னேன். ராத்தா, "ஷஹ்மாட ஸ்கூல் சோதினை எப்ப முடியுது?" என்று கேட்டார். நவம்பரில் என்றேன். "முடிஞ்சதும் புள்ளயக் கூட்டிக்கிட்டு வா. மேல் அறைய ஒதுக்கி வெக்கிறேன்" என்றார். என் வீட்டுக்கு என்னை விருந்தாளியாகக் கூப்பிட்டார். சரி என்றேன்.

உன் பேராலயப் படங்களைக் கோயில் மண்டபத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்களாம், ஊரே போய்ப் பார்க்கிறதாம். ராத்தா சொன்னார். நல்லது.

நீ செய்தது சரி. அது சரி என்பதால் உன் மேல் எனக்கு இருக்கும் கோபம் குறையவில்லை. நானாகத் திருப்பிக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருந்த ஒரே வழியை நீ அடைத்துவிட்டாய். அந்த வழியில் நான் போயிருப்பேனா என்று கேட்காதே. எனக்குத் தெரியாது.

நவம்பரில் வந்தால் தெருவில் உன்னைக் காண்பேன். கண்டால் சலாம் சொல்லாமல் போகமாட்டேன். இப்போதைக்கு எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் நான் பதில் போடுவேன். அதில் நல்லது எதுவும் இருக்காது.

ரிஸ்மி