ஸ்டிக்கர் பிரிண்டர் எப்படி ஓடியது?

படப்பை
4 நவம்பர் 2025

ஜெபகுமாருக்கு,

நீங்கள் கோயம்புத்தூருக்குத் தனியாகப் போன பிறகு நான் எழுதும் முதல் மெயில் இது. போனில் பேசினால் சண்டையில்தான் போய் நிற்கிறது. பயப்பட வேண்டாம், வீட்டு விஷயம் இல்லை.

எங்கள் ஒரகடம் கம்பெனிக்கு எட்டு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். காசு கொடுத்து விண்டோஸ் வேண்டாம், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போதும் என்று முதலாளி முடிவெடுத்து, தேர்ந்தெடுக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார். "எதுல போட்டாலும் ஓடும் மேடம்" என்கிறார் கடைக்காரர். அப்படியா? தப்பாக வாங்கிவிட்டால் பார்ட்ஸ் பெட்டிக்கு ஸ்டிக்கர் அடிக்க முடியாது. ஸ்டிக்கர் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது. உங்கள் கல்லூரி லேப் முழுக்க லினக்ஸ்தானே, எதைப் பார்த்து வாங்குகிறீர்கள்?

மெர்சி


கோயம்புத்தூர்
5 நவம்பர்

அன்புள்ள மெர்சி,

உன் பெயரை இன்பாக்ஸில் பார்த்ததும் டீயை மறந்துவிட்டேன்.

கடைக்காரர் சொல்வது பாதி நிஜம். ஓடும். ஆனால் வைஃபை பிடிக்காது, அல்லது தூங்கப்போன மெஷின் எழுந்திருக்காது. மாடல் பெயரை நம்பாதே, ஒரே மாடலுக்குள்ளேயே வைஃபை சிப் மாறும். வாங்கும் முன் கடையிலேயே பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம், மெஷினில் உள்ள எதுவும் அழியாது. ஸ்டிக்கர் பிரிண்டர்தான் எனக்குச் சந்தேகம்.

சனிக்கிழமை வந்து எல்லாவற்றையும் நானே போட்டுத் தருகிறேன். நீ எதையும் தொட வேண்டாம். இருமல் எப்படி இருக்கிறது?

அன்புடன்
ஜெபா


படப்பை
6 நவம்பர்

ஜெபகுமாருக்கு,

இருமல் போய்விட்டது. நீங்கள் வர வேண்டாம்.

"நீ தொட வேண்டாம்." கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் இதைத்தான் சொன்னீர்கள். இன்வெர்ட்டர், வண்டி, பேங்க் ஆப், எதையும் தொடக் கூடாது. எனக்குத் தொட்டுப் பார்க்கத்தான் ஆசை. முடிந்தால் பென் டிரைவை மட்டும் கூரியரில் அனுப்புங்கள்.

மெர்சி


கோயம்புத்தூர்
26 நவம்பர்

அன்புள்ள மெர்சி,

நான் அனுப்பிய பென் டிரைவ் வந்ததா? உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை.

உன்னைச் சோதிக்கக் கேட்கவில்லை. உங்களுடையது மாதிரியே ஒரு ஸ்டிக்கர் பிரிண்டர் எங்கள் நூலகத்திலும் இருக்கிறது. என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன், லினக்ஸில் ஓட மாட்டேன் என்கிறது. உனக்கு ஓடியதா? எப்படி? எனக்கு நிஜமாகவே தெரியவில்லை மெர்சி. சொல்லிக்கொடேன்.

ஜெபா


படப்பை
28 நவம்பர்

அன்புள்ள ஜெபா,

ஓடியது!

ஸ்ரீபெரும்புதூர் கடையில் முதல் மெஷினில் வைஃபையே கண்ணில் படவில்லை. இரண்டாவது தூங்கி, கறுப்புத் திரையோடு அப்படியே கிடந்தது. "இன்னா மேடம், மெஷினுக்குப் பரீட்சை வெக்கிறீங்களா?" என்று சிரித்தார் கடைக்காரர். மூன்றாவதில் வைஃபை, சத்தம், கேமரா எல்லாம் சரி. கைரேகை மட்டும் எடுக்கவில்லை. அது எங்களுக்குத் தேவையும் இல்லை.

மறுநாள் ஷேர் ஆட்டோவில் ஆபீஸ் பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். லினக்ஸ் காட்டும் பிரிண்டர் பட்டியலில் அந்த மாடலே இல்லை. அதே கம்பெனியின் பழைய மாடலைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு ஸ்டிக்கரில் பாதி எழுத்து, அடுத்ததில் மீதி. பேப்பர் அளவு ஏ-ஃபோர் என்று இருந்ததைக் கவனிக்க நேரமாகிவிட்டது. ஸ்டிக்கரை ஸ்கேலில் அளந்து அந்த அளவைப் போட்டேன், பளிச்சென்று வந்தது. கடைக்காரர் அதைப் பிய்த்துத் தன் சட்டையில் ஒட்டிக்கொண்டார். நீங்களும் பேப்பர் அளவைப் பாருங்கள்.

எட்டையும் இப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கினேன், இப்போது ஆபீசில் ஓடுகின்றன. அதனால் கம்ப்யூட்டருக்காக நீங்கள் வர வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டில்தான் இருப்பேன். வேலை ஒன்றும் இல்லை, சும்மா வாருங்கள்.

மெர்சி